கல்யாணமாகி ஒரு மாதம்: எந்திர துப்பாக்கி மீது பாய்ந்த கால்பந்து வீரர்!

இங்கிலாந்தில் ஹாரோகேட் என்று ஓர் ஊர். 1890-ல் அங்கே பிறந்தவர் டொனால்டு சிம்ப்சன் பெல். பள்ளிக்கூட வாத்தியார். ஆறடி உயரம். ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது.

வாத்தியார் சம்பளம் பத்தவில்லை. (எந்த ஊரிலும் அதே கதைதான் போலிருக்கிறது!) 1912-ல் பிராட்போர்டு பார்க் அவென்யூ கிளப்பில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடச் சேர்ந்தார்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. கிளப்பிடம் கேட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, பெல் பட்டாளத்துக்குப் போனார். சிப்பாயாகப் போனவர் மறு வருஷமே அதிகாரி ஆனார்.

1916 ஜுன் 5-ந் தேதி ரோடா என்ற பெண்ணைக் கைப்பிடித்தார். பிறகு மீண்டும் போர்முனை.

குண்டு மழை

சரியாக ஒரு மாதம். ஜுலை 5-ந் தேதி. பிரான்சில் சோம் போர்க்களம். பெல்லின் படை முன்னேறியது. பக்கவாட்டில் இருந்து ஜெர்மானியரின் எந்திர துப்பாக்கி ஒன்று சடசடவென்று சுட்டது. வீரர்கள் சுருண்டு விழுந்தார்கள்.

பெல் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பதுங்கு குழி வழியாக ஊர்ந்து போனார். குழி முடிந்தது. எதிரே வெட்டவெளி. எழுந்தார், ஓடினார். பந்தைத் துரத்திய அதே கால்கள்! சுட்டவனை ரிவால்வரால் தீர்த்தார். கையெறி குண்டு வீசி எந்திர துப்பாக்கியையும் ஒழித்தார். அந்த ஓட்டத்தால் பிழைத்தவர்கள் பலர்.

அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அதில் வீராப்பு இல்லை. வீசிய குண்டு சரியாகப் போய் விழுந்தது ஏதோ அதிர்ஷ்டம் என்றுதான் எழுதியிருந்தார்.

ஐந்து நாள் கழித்து, ஜுலை 10-ந் தேதி, கான்டால்மெய்சான் கிராமத்தில் அதே மாதிரி பாய்ந்தார். இந்தத் தடவை திரும்பவில்லை. வயது 25.

விதவை வாங்கிய பதக்கம்

இங்கிலாந்தின் மிகப்பெரிய வீர விருதான விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது. நம் பரம்வீர் சக்கரம் மாதிரி. அது கிடைத்த விஷயமே பெல்லுக்குத் தெரியாது. டிசம்பரில் லண்டன் அரண்மனையில் 5-ம் ஜார்ஜ் மன்னர் கையால் ரோடா அதை வாங்கினார். முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் தொழில்முறை கால்பந்து வீரர்களில் இந்த விருது பெற்றவர் பெல் ஒருவர்தான்.

2010-ல் பதக்கம் ஏலத்துக்கு வந்தது. வெளியே போய்விடக்கூடாது என்று ஆட்டக்காரர்கள் சங்கமே 2 லட்சத்து 10 ஆயிரம் பவுனுக்கு எடுத்தது.

ஹாரோகேட் நடுவே நிற்கும் போர் நினைவுத்தூணில் அவர் பெயர் இருக்கிறது. போரின் நூற்றாண்டையொட்டி அவர் பெயரில் நினைவுக் கல்லும் பதித்தார்கள்.

உடல் மட்டும் ஊர் வரவில்லை. சண்டை நடந்த பிரெஞ்சு மண்ணிலேயே, பட்டாளத்துக் கல்லறைகளுக்கு நடுவே இருக்கிறது.