தாற்றனின் கண்கள்

இரசாயனவியல் பயிலும் மாணவர் அணுக்கொள்கையுடன் சேர்த்தே நினைவுகூரும் பெயர் யோன் தாற்றன். கண்ணுக்குப் புலனாகா அணுவை ஆராய்ந்த அப்பேரறிஞர், செந்நிறத்தைப் பிறர் காண்பதுபோற் கண்டாரல்லர் என்பதை அறிந்தோர் சிலரே.

இங்கிலாந்தின் கம்பலாந்துப் பகுதியிலுள்ள ஈகிள்ஸ்பீல்ட் என்னுஞ் சிற்றூரில், நெசவாளி ஒருவரின் மைந்தராக 1766ஆம் ஆண்டிற் பிறந்தார். பன்னிரண்டாம் வயதிலேயே பள்ளியிற் பாடஞ் சொல்லத் தொடங்கினார். பயிற்சிப் பத்திரம் பெற்ற பின்னரே வகுப்பினுட் புகுந்த எம்போன்றோர்க்கு இது வியப்பே! 1793இல் மாஞ்செஸ்ரர் நகரிற் கல்லூரி ஆசிரியரானார்.

அதற்கு முந்திய ஆண்டில், பகலில் வான்நீலமாகத் தாம் கண்ட ஜெரேனியப் பூவொன்றை மெழுகுதிரி வெளிச்சத்தில் நோக்கினார். பூ சிவந்திருந்தது. நண்பர்க்குக் காட்டினார். அவர்களுக்கோ பகலில் இளஞ்சிவப்பாயிருந்த பூ இரவிலும் பெரிதும் மாறவில்லை. தமையனார் மாத்திரம் தம்பியைப் போலவே கண்டார். வேறுபாடு பூவிலன்று, தங்கள் கண்ணிலேயே என்பது அப்போது புலப்பட்டது.

பிறர் மறைக்க விரும்பும் குறையைத் தாற்றன் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். ஒளிமாலையின் ஏழு நிறங்களுள் தமக்குத் தோன்றுவன இரண்டோ மூன்றோ எனக் கண்டார். முத்திரையிடும் அரக்கின் சிவப்பும் லோறல் இலையின் பச்சையும் அவருக்கு ஏறத்தாழ ஒன்றே. இவற்றையெல்லாம் 1794 ஒக்ரோபர் 31ஆந் திகதி மாஞ்செஸ்ரர் இலக்கிய தத்துவக் கழகத்தில் வாசித்தார். இலைக்குக் கபில நிறந் தீட்டிய சிறுவனைக் கவனயீனன் என்று கடிந்த ஆசிரியருள் யானும் ஒருவன். அவன் கண்ணைச் சோதிப்பிக்க வேண்டுமென்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

பிற்காலத்தில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1834இல் அப்பட்டத்திற்குரிய செவ்வங்கியுடன் அரசர் முன் சென்றார். அவர் சார்ந்த குவேக்கர் சபையினர்க்குச் செவ்வாடை ஆகாது. அவர் கண்ணுக்கோ அது இலையின் நிறமாகவே தோன்றியதென்பர்.

தம் கண்ணினுள் இருக்கும் நீர்மம் நீலக் கண்ணாடிபோற் செவ்வொளியை விழுங்குகின்றது என்பது அவர் கருத்து. அதனைச் சோதிக்கத் தம் மரணத்தின் பின் கண்களை ஆராயும்படி பணித்திருந்தார். 1844 யூலை 27ஆந் திகதி அவர் மறைந்ததும், மருத்துவர் யோசேப்பு றான்சம் ஒரு கண்ணின் நீர்மத்தை எடுத்துப் பார்த்தார், அது தெளிந்திருந்தது. மற்றைக் கண்ணின் பின்புறத்தைச் சிறிது நீக்கி அதனூடே நோக்கினார். சிவப்பும் பச்சையும் வேறுவேறாகவே தெரிந்தன. ஐம்பதாண்டுக் கருத்து பொய்த்தது.

கண்களின் எச்சம் மாஞ்செஸ்ரரிற் பேணப்பட்டது. 1995இல் அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்துச் சோதித்தனர். கண்ணின் பின்திரையில் நடு அலைநீள ஒளியை, அஃதாவது பச்சையை, சிறப்பாக ஏற்கும் நிறப்பொருள் தாற்றனுக்குப் பிறப்பிலேயே இருக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளின் பின் விடை கிடைத்தது, அவர் கொடுத்துச் சென்ற கண்ணிலிருந்தே.