ஈ. கே. ஜானகி அம்மாள்

எடவலேத் கக்கட் ஜானகி அம்மாள் (நவம்பர் 4, 1897 - பெப்ரவரி 7, 1984) இந்தியத் தாவரவியலாளரும் உயிரணு மரபியலாளரும் ஆவார். கரும்பு, கத்தரி, மக்னோலியா முதலிய தாவரங்களின் நிறப்புரிகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். பிரித்தானிய உயிரியலாளர் சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து 1945 ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட பயிர்த்தாவரங்களின் நிறப்புரித் தொகுப்பு நூல், தாவர ஆய்வாளர்களின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இருந்தது. தம் வாழ்வின் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளை இவர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் கழித்தார்.

பிறப்பும் குடும்பமும்

ஜானகி அம்மாள் அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் உள்ள தலச்சேரியில் பிறந்தார். தந்தை திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன் தலச்சேரியில் சார்பு நீதிபதியாக இருந்தவர். இயற்கை வரலாற்றில் ஆர்வம் கொண்டவர். தாய் தேவி குருவாயி, திருவாங்கூரில் பிரித்தானிய அரசின் பிரதிநிதியாக இருந்த ஜான் சைல்டு ஹானிங்டன் என்ற ஆங்கிலேயரின் மகளாவார். குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. வசதியான குடும்பம் எனினும், சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டிருந்த சமூகம் அது. பிற்காலத்தில் ஆய்வு நிலையங்களில் இவர் சந்தித்த புறக்கணிப்புகளுக்கு இதுவும், திருமணம் செய்துகொள்ளாத பெண் என்பதும் சேர்ந்தே காரணமாயின.

கல்வி

தலச்சேரியில் பள்ளிக் கல்வியை முடித்த இவர் சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று 1921 ஆம் ஆண்டில் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

வீட்டில் இவருக்கு உறவிலேயே திருமணம் பேசப்பட்டது. அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென வழங்கப்பட்ட பார்பர் உதவித்தொகை இவருக்குக் கிடைத்தது. இவர் உதவித்தொகையைத் தேர்ந்தெடுத்தார். வாழ்நாள் முழுவதும் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1924 இல் மிச்சிகன் சென்று முதுநிலைப் பட்டம் பெற்று, இந்தியா திரும்பிச் சிறிது காலம் கற்பித்தபின் மீண்டும் அங்கேயே சென்று ஆய்வைத் தொடர்ந்தார். ஆர்லி ஆரிசு பார்ட்லெட் இவருடைய ஆய்வு வழிகாட்டி ஆவார். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நிக்காந்திரா என்ற செடியின் நிறப்புரிகளைப் பற்றிய ஆய்வுக்காக 1931 இல் முனைவர் பட்டம் பெற்றார். ஐக்கிய அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் இவர் ஒருவர்.

கத்தரியில் வழக்கமாக ஓர் உயிரணுவுக்கு 24 நிறப்புரிகள் இருக்கும். 36 நிறப்புரிகளைக் கொண்ட மும்மடியக் கத்தரியைப் பற்றியும் இவர் ஆராய்ந்தார். நிறப்புரித் தொகுதிகள் இரண்டுக்கு மேல் அமைவதைப் பன்மடியம் என்பர். பிற்காலத்தில் இவர் செய்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தப் பன்மடியத்தைச் சுற்றியே அமைந்தன.

கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு

திருவனந்தபுரம் மகாராசா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை தாவரவியல் பேராசிரியராக இருந்த பின், ஜானகி அம்மாள் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். 1912 இல் தொடங்கப்பட்ட இந்நிலையம் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தது.

அக்காலத்தில் கரும்பு ஆய்வாளர்கள் முன் இருந்த சிக்கல் எளிதாகச் சொல்லக்கூடியதே. சாறு நிறைந்த, தடித்த, இனிப்பு மிக்க கரும்பு வகைகள் தென்கிழக்காசியத் தீவுகளைச் சார்ந்தவை. அவை வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கா. மறுபுறம், இந்தியாவின் ஆற்றங்கரைகளில் தானே வளரும் பேய்க்கரும்பு எதையும் தாங்கும்; ஆனால் அதில் இனிப்பு இல்லை. இரண்டையும் கலந்து, இனிப்பும் உறுதியும் ஒருங்கே அமைந்த வகைகளை உருவாக்குவதே நிலையத்தின் பணி. எந்தக் கலப்பு பயன் தரும், எது மலடாகும் என்பதை அறிய நிறப்புரிகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. இனிப்புக் கரும்பில் 80 நிறப்புரிகள் உள்ளன. பேய்க்கரும்பில் இவ்வெண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறி 40 முதல் 128 வரை காணப்படுகிறது. ஜானகி அம்மாள் பல இடங்களின் பேய்க்கரும்பு வகைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவ்வினம் இந்தியாவில் தோன்றியது என்ற முடிவுக்கு வந்தார்.

கரும்பை அதன் உறவுப் புற்களுடன் கலந்து பார்ப்பதிலும் இவர் ஈடுபட்டார். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையிலான கலப்பினம் பற்றிய இவருடைய குறிப்பு 1938 இல் நேச்சர் இதழில் வெளியானது. சோளம், தருப்பை போன்றவற்றுடனும் கரும்பைக் கலந்தார். இவை வயலுக்கு வந்த பயிர்கள் அல்ல. ஆயினும் புல் குடும்பத்தின் பேரினங்களுக்கு இடையே உள்ள எல்லைகள் எவ்வளவு உறுதியானவை என்பதை அறிய உதவின.

இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராக 1935 இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்கழகத்தை சி. வி. இராமன் தொடங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. இத்தகைய மதிப்பு கிடைத்தபோதிலும் கோயம்புத்தூரில் இவருடைய பணிச்சூழல் இனிமையாக இருக்கவில்லை என்றே இவரைப் பற்றி எழுதியவர்கள் கூறுகின்றனர்.

இங்கிலாந்தில்

1939 ஆகத்து மாதம் எடின்பரோவில் நடந்த ஏழாவது பன்னாட்டு மரபியல் மாநாட்டுக்கு ஜானகி அம்மாள் சென்றிருந்தார். சில நாட்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இவர் இந்தியா திரும்பவில்லை. இலண்டன் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னசு தோட்டக்கலை நிலையத்தில் 1940 முதல் 1945 வரை துணை உயிரணுவியலாளராகப் பணியாற்றினார். செருமானிய வானூர்திகள் நகரின் மீது குண்டு வீசிய காலத்தில்தான் டார்லிங்டனுடன் சேர்ந்து நிறப்புரித் தொகுப்பு நூலை உருவாக்கினார். கபோக் என்ற பெயருடைய இந்திய அணில் ஒன்றை இவர் அங்கே வளர்த்து வந்தார் என்றும் கூறுவர்.

பின்னர் விசுலியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் உயிரணுவியலாளராகச் சேர்ந்து 1951 வரை பணியாற்றினார். அக்கழகம் ஊதியம் தந்து அமர்த்திய முதல் பெண் அறிவியலாளர் இவரே. இங்கு கொல்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு மரங்களின் நிறப்புரி எண்ணிக்கையை இரட்டிக்கும் ஆய்வில் ஈடுபட்டார். உயிரணு பிளவுறும்போது இரட்டிப்பான நிறப்புரிகளை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் இழைகள் உருவாவதை இப்பொருள் தடுக்கிறது. இதனால் நிறப்புரிகள் யாவும் ஒரே உயிரணுவில் தங்கிவிடுகின்றன. (தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இதே கொல்ச்சிசின் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.) 38 நிறப்புரிகள் கொண்ட மக்னோலியா கோபசு மரத்தின் நாற்றுகளுக்கு இப்பொருளை இட்டதில், தடித்த இலைகளும் கனமான இதழ்களும் உடைய மரங்கள் கிடைத்தன. அவற்றுள் வெண்மலர் பூக்கும் வகை ஒன்றுக்கு இவர் பெயரே சூட்டப்பட்டது. விசுலியின் பேட்டில்சுடன் குன்றில் இவர் நட்ட மக்னோலியாக்கள் உள்ளன.

இந்தியா திரும்புதல்

பிரதமர் சவகர்லால் நேருவின் அழைப்பை ஏற்று 1951 இல் ஜானகி அம்மாள் இந்தியா திரும்பினார். 1890 இல் தொடங்கப்பட்டுப் பின்னர் செயலற்றுக் கிடந்த இந்தியத் தாவரவியல் அளவீட்டு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு 1952 அக்டோபரில் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியத் தாவரங்களை இந்தியர்களே திரட்ட வேண்டும், அவற்றின் மாதிரிகள் இலண்டன் கியூ தோட்டத்தில் அல்லாமல் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்பது இவர் கருத்து. ஆனால் 1954 இல் நிறுவனத்தின் தலைமைத் தாவரவியலாளர் பதவி பம்பாயில் பணிபுரிந்த எசுப்பானிய இயேசு சபைத் துறவி எர்மெனெகில்டு சாந்தாப்பாவுக்கு வழங்கப்பட்டது. சாந்தாப்பா தேர்ந்த தாவரவியலாளர் என்பதில் ஐயமில்லை. எனினும் சீரமைப்புத் திட்டத்தை வகுத்தவர் தலைமைப் பொறுப்பைப் பெறவில்லை. இது இவரை மிகவும் வருத்தியது. அதன்பின் அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்றார். பின்னர் சம்முவில் வட்டார ஆய்வகத்திலும், சிறிது காலம் டிராம்பே அணு ஆய்வு மையத்திலும் பணியாற்றினார்.

இக்காலத்தில் இவர் பார்வை நுண்ணோக்கியிலிருந்து காடுகளின் பக்கம் திரும்பியது. சில்லாங்கிலிருந்து நெடுந்தொலைவு சென்று, அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே கிரிபித் மக்னோலியா மரத்தைத் தேடிய இவர், அது எரிக்கப்பட்டுவிட்டதைக் கண்டார். உணவு உற்பத்தியைப் பெருக்கும் பெயரில் காடுகள் அழிக்கப்படுவதை நேரில் பார்த்திருந்தார். 1955 இல் பிரின்ஸ்டனில் புவியின் தோற்றத்தை மனிதன் மாற்றியமைத்தது பற்றி நடந்த பன்னாட்டுக் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர். அங்கு, இந்தியாவின் தன்னிறைவு வேளாண்மை பற்றிக் கட்டுரை அளித்தார். பழங்குடியினரின் தாவர அறிவையும் தாய்வழிச் சமூகங்களின் நில உரிமையையும் ஒரு மரபியலாளர் அத்தகைய அவையில் எடுத்துப் பேசியது அக்காலத்தில் அரிது.

மதுரவாயல்

1970 நவம்பரில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு அறிவியலாளராகச் சேர்ந்தார். மையத்தின் கள ஆய்வகம் பூவிருந்தவல்லி செல்லும் சாலையில் மதுரவாயலில் இருந்தது. அன்று அது நகருக்கு வெளியே இருந்த சிற்றூர். 2011 இல்தான் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. தாம் பட்டம் பெற்ற நகருக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இவர் இவ்வாறு திரும்பி வந்தார்.

அங்கே மூலிகைத் தோட்டம் ஒன்றை வளர்த்து, மருத்துவத் தாவரங்களின் நிறப்புரிகளையும் மக்களின் தாவரப் பயன்பாட்டையும் ஆராய்ந்தார். மிக எளிய வாழ்க்கை வாழ்ந்தார். பூனைகள் பல வளர்த்தார். 1977 இல் இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது.

எண்பது வயதைக் கடந்த நிலையில் அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டத்தில் இணைந்தார். பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே கேரள மின் வாரியம் அணை கட்டத் திட்டமிட்டிருந்தது. சிங்கவால் குரங்கின் உறைவிடமான மழைக்காட்டின் ஒரு பகுதி இதனால் நீரில் மூழ்கும். கேரள சாத்திர சாகித்திய பரிசத்து உள்ளிட்ட அமைப்புகள் எதிர்த்தன. ஜானகி அம்மாள் தமக்குத் தெரிந்த வழியில் எதிர்த்தார்: அக்காட்டு மரங்களின் நிறப்புரிகளைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். 1983 இல் திட்டம் கைவிடப்பட்டது.

1984 பெப்ரவரி 7 அன்று மதுரவாயலில் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நினைவு

இந்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் வகைப்பாட்டியலுக்கான தேசிய விருதை இவர் பெயரில் வழங்குகிறது. சம்முவில் உள்ள உலர்தாவரத் தொகுப்பகம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. கொடைக்கானலில் உருவாக்கப்பட்ட ரோசா வகை ஒன்றுக்கும் இவர் பெயர் இடப்பட்டது. ஜான் இன்னசு மையம், வளரும் நாடுகளிலிருந்து வரும் முதுநிலை மாணவர்களுக்கான உதவித்தொகையை இவர் பெயரில் ஏற்படுத்தியுள்ளது.