அடைக்கலம் தந்த நாட்டுக்கு ஒரு பாட்டு

வாஷிங்டன் நகரில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஒரு தனிமனிதரின் ஆவணங்கள் ஏறத்தாழ 7,50,000 உருப்படிகளாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. இசைப் பிரதிகள், பாடல் வரிகள், கடிதங்கள், தொழில் கணக்குகள், செய்தித்தாள் நறுக்குகள் என விரியும் அத்தொகுப்பை 1992-இல் அவருடைய மகள்கள் நூலகத்துக்கு வழங்கினர். அந்த மனிதர், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் பாட்டுக்காரர் என்று சொல்லத்தக்க இர்விங் பெர்லின். இத்தனை இசைத்தாள்களை விட்டுச்சென்றவருக்கு இசைக்குறியீட்டை எழுதவோ வாசிக்கவோ தெரியாது. அந்த விந்தையைவிட என்னைச் சிந்திக்க வைப்பது, 1893-ஆம் ஆண்டின் ஒரு கப்பல் பயணியர் பட்டியல். அதில் அவருடைய குடும்பத்தின் பெயர் இடம்பெறாமல் போயிருந்தால், இந்த ஏழரை லட்சம் தாள்களில் ஒன்றுகூட இருந்திருக்காது.

அப்பட்டியலில் குடும்பத் தலைவராக இருந்தவர் மோசஸ் பெய்லின். யூதர்களின் தொழுகைக் கூடத்தில் வேண்டுதல்களை இசையோடு பாடி வழிபாட்டை நடத்துபவரை ஹசான் என்பார்கள், ஆங்கிலத்தில் கேன்டர். நம் ஓதுவார்களை அறிந்தவர்களுக்கு அப்பணியின் தன்மை எளிதில் விளங்கும். வாயிலிருந்து செவிக்கு, தந்தையிடமிருந்து மகனுக்கு என வழிவழியாக வந்த இசை அது. மோசஸ் அத்தகைய ஹசான். அவருடைய எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1888 மே 11-இல் பிறந்தவர் இஸ்ரேல். அவரே பின்னாளில் இர்விங் பெர்லின் ஆனார்.

அன்றைய ரஷ்யப் பேரரசில் யூதர்கள் குடியிருக்கவும் தொழில் செய்யவும் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. 1881-க்குப் பிறகு அவர்கள்மீது கலவரக் கும்பல்கள் அடுத்தடுத்துத் தாக்குதல் நடத்தின. தெருவோரத்தில் ஒரு போர்வையில் கிடத்தப்பட்டு, தம் வீடு எரிவதைப் பார்த்தது மட்டுமே ரஷ்யாவைப் பற்றித் தமக்குள்ள நினைவு என்று பெர்லின் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். குடும்பம் ஐரோப்பாவைக் கடந்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்தை அடைந்தது. 'ரைன்லாண்ட்' என்ற கப்பலில் ஏறி, 1893 செப்டம்பர் 14 அன்று நியூயார்க்கில் இறங்கியது. அப்போது இஸ்ரேலுக்கு ஐந்து வயது.

நியூயார்க்கின் கிழக்குப் பகுதிச் சேரி வாழ்க்கை அவர்களுக்கு எளிதாக அமையவில்லை. முழுநேர ஹசான் பணி மோசஸுக்குக் கிடைக்கவில்லை. யூத நெறிப்படி இறைச்சி விற்கும் கடையில் வேலை பார்த்தார். பிள்ளைகளுக்கு எபிரேயம் கற்றுக்கொடுத்தார். பெண்பிள்ளைகள் சுருட்டு சுற்றும் வேலைக்குப் போயினர். சிறுவன் இஸ்ரேல் தெருவில் செய்தித்தாள் விற்றான். 1901-இல் மோசஸ் இறந்தார். குடும்பத்துக்குத் தான் கொண்டுவரும் காசு போதவில்லை என்று உணர்ந்த மகன், வீட்டைவிட்டு வெளியேறி மதுக்கடைகளில் பாடிப் பிழைக்கத் தொடங்கினான். தந்தையிடமிருந்து அவனுக்கு வந்த சொத்து, குரலும் செவியும்தான்.

சைனாடவுனில் ஓர் உணவு விடுதியில் பாடிக்கொண்டே பரிமாறும் வேலை அவருக்குக் கிடைத்தது. அங்கிருந்தபோது 1907-இல் வெளியான முதல் பாட்டுக்கு அவருக்கு வந்த பங்கு அரை டாலரைக்கூட எட்டவில்லை. அந்தப் பாட்டின் அட்டையில் அச்சான 'ஐ. பெர்லின்' என்ற பெயரே நிலைத்தது. நான்கு ஆண்டுகளில், 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' என்ற பாட்டு அவரை உலகறியச் செய்தது. பியானோவின் கறுப்புக் கட்டைகளையே பெரும்பாலும் நம்பி வாசிப்பார். விசையைத் திருப்பினால் வேறு சுருதிக்கு மாறும் தனிவகைப் பியானோவை வைத்திருந்தார். அவர் வாசிக்கவும் பாடவும், உதவியாளர் ஒருவர் குறியீடாக எழுதிக்கொள்வார். அமெரிக்காவின் புகழ்பெற்ற மெட்டுகள் பல இவ்வாறே காகிதத்துக்கு வந்தன.

வெற்றியின் நடுவே துயரங்களும் வந்தன. 1912-இல் மணந்த மனைவி டோரதி, ஐந்தே மாதங்களில் டைபாய்டு காய்ச்சலால் மறைந்தார். இரண்டாம் மனைவி எலினுக்குப் பிறந்த ஆண் குழந்தை, 1928 கிறிஸ்துமஸ் நாளன்று, பிறந்து சில வாரங்களிலேயே இறந்தது. அதே மனிதர் எழுதி 1942-இல் திரைப்படத்தில் இடம்பெற்ற 'ஒயிட் கிறிஸ்துமஸ்', இன்றும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் அப்பண்டிகைக் காலத்தில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

1918-இல் பெர்லின் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். உடனே ராணுவத்துக்கும் அழைக்கப்பட்டார். முகாமில் படைவீரர்களை வைத்து அவர் அமைத்த நிகழ்ச்சிக்காக, நாட்டைக் காக்குமாறு இறைவனை வேண்டும் பாட்டு ஒன்றை எழுதினார். நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது என்று எடுத்து வைத்துவிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து அதைத் திருத்தி, 1938 நவம்பர் 10 அன்று கேட் ஸ்மித்தின் குரலில் வானொலியில் ஒலிக்கச் செய்தார். அதுதான் 'காட் பிளெஸ் அமெரிக்கா'. அந்தப் பாட்டின் வருவாயைச் சாரணர், சாரணியர் இயக்கங்களுக்கு எழுதிவைத்தார்.

அந்த நாள் எத்தகையது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். ஜெர்மனியில் யூதர்களின் தொழுகைக் கூடங்களும் கடைகளும் தீக்கிரையானது 1938 நவம்பர் 9, 10 தேதிகளில்தான். அங்கே ஹசான்கள் நின்று பாடிய மேடைகள் எரிந்துகொண்டிருந்தபோது, ஒரு ஹசானின் மகன் தமக்குப் புகலிடம் தந்த நாட்டை வாழ்த்திக்கொண்டிருந்தார். அப்போதும் அந்தப் பாட்டை எதிர்த்தவர்கள் இருந்தனர். குடியேறி வந்த யூதர் ஒருவர் எப்படி நாட்டுக்காகப் பாடலாம் என்று கேட்டது கு கிளக்ஸ் கிளான். நாஜி ஆதரவு அமைப்பினரும் அவ்வாறே வெறுப்பைக் கக்கினர்.

அதற்கும் முன்பே நாட்டின் சட்டமும் மாறிவிட்டிருந்தது. 1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், 1890 மக்கள்தொகைக் கணக்கில் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வந்து குடியிருந்தவர் எத்தனை பேரோ, அதில் 2 விழுக்காட்டினரை மட்டுமே ஆண்டுதோறும் அனுமதித்தது. கிழக்கு, தெற்கு ஐரோப்பியர்கள் பெருமளவில் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அவர்களைத் தடுப்பதற்காகவே அந்தப் பழைய கணக்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1893-இல் வந்த மோசஸின் குடும்பம் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அதன் விளைவை 1939-இல் உலகம் கண்டது. பெரும்பாலும் யூத அகதிகளான 937 பயணியருடன் ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்ட 'செயின்ட் லூயிஸ்' கப்பலை கியூபா ஏற்கவில்லை. புளோரிடாக் கரையின் விளக்குகள் தெரியும் தொலைவுவரை வந்தும் அமெரிக்கா இறங்க அனுமதிக்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பிய அவர்களில் 254 பேர் பின்னர் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டனர். பெர்லினின் பாட்டு நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான் இது நடந்தது.

இங்கேதான் நாம் வழக்கமாகச் செய்யும் வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. அகதிகளுக்கு இடம் கொடுங்கள், அவர்களில் ஒரு பெர்லின் இருக்கக்கூடும் என்று சொல்கிறோம். நல்லெண்ணத்தில் சொல்வதுதான் என்றாலும், மனித உயிரை லாபக் கணக்கில் வைத்துப் பார்க்கும் வாதம் அது. மேதை பிறக்காத குடும்பத்தை என்ன செய்வது?

மோசஸ் பெய்லினை எண்ணிப்பார்க்கிறேன். அமெரிக்காவில் அவர் வாழ்ந்தது எட்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. செல்வம் சேர்க்கவில்லை; பாட்டு எதையும் பதிப்பிக்கவில்லை. அந்நாட்டின் வரவேட்டில் எழுத அவரிடம் எதுவும் இருக்கவில்லை. ஆனால், எரியும் வீட்டிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தவர் அவர். அன்று வாசல் திறந்திருந்தது. மகன் என்னவாகப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்லத் தெரிந்தவர் எவருமில்லை.

மகன் 1989 செப்டம்பர் 22 அன்று, 101-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய தாள்களை அந்நாடு பொக்கிஷமாகக் காப்பது பொருத்தமே. எனினும் அந்நாடு பெருமைப்படத்தக்க முதல் செயல், அந்தத் தாள்களைப் பெற்றுக்கொண்டதற்கு 99 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. கையில் எதுவுமில்லாமல் வந்த ஒரு ஹசானைக் கரையேற விட்டதே அது. எல்லைகளில் இன்றும் குடும்பங்கள் காத்து நிற்கின்றன. அவர்களைப் பற்றி முடிவெடுக்கும்போது, பெர்லினின் புகழை அல்ல, அவருடைய தந்தையின் வெறுங்கையை நினைத்துக்கொள்வதே நேர்மை.