செவிலி வேடம் பூண்ட அம்மையார்

ஒரு நாட்டின் சட்டங்களை அறிய விரும்புவோர் அந்நாட்டின் நீதிமன்றங்களை நோக்குவர். அச்சட்டங்கள் மக்கள் மனத்திலே எங்ஙனம் வேரூன்றின என்பதை அறிய விரும்புவோரோ, அம்மக்கள் பொழுதுபோக்குக்காகக் கூடும் அரங்குகளையே நோக்குதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவிலே 1830ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், தோமஸ் றைஸ் என்னும் வெள்ளைக்கார நடிகர் ஒருவர் முகத்திற் கரி பூசி, கந்தை உடுத்து, ஜிம் குறோ என்னும் கறுப்பினத்தவன் வேடத்தில் ஆடிப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். அவரைப் பின்பற்றி எழுந்த கரிமுகக் கூத்துக்கள் அந்நூற்றாண்டு மக்களின் பெருவிருப்புக்குரியனவாயின. பின்னர்த் தென்மாநிலங்கள் கறுப்பினத்தவரைப் புகைவண்டியிலும் பள்ளியிலும் உணவகத்திலும் வேறாக ஒதுக்கும் சட்டங்களை இயற்றின. அச்சட்டங்களுக்கு வழங்கிய பெயர் யாது? ஜிம் குறோ என்பதே. கூத்திலே பிறந்த பெயர் ஆட்சியின் பெயராயிற்று.

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களங்களை வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார். எள்ளப்படுவோர் எதிர்நின்று மறுமொழி கூறமாட்டாத நிலையில் வைக்கப்பட்டால், அந்நகை எத்துணைக் கொடிய படைக்கலமாகும் என்பதற்கு அமெரிக்க நாட்டுக் கலைவரலாறு தக்க சான்று. அந்த எள்ளலுக்கு உள்ளே புகுந்து, அதனையே தொழிலாகக் கொண்டு, அதனோடு வாழ்நாள் முழுதும் போராடிய ஒருவர் ஹற்றி மக்டானியல் அம்மையார். அவர் வாழ்க்கையை இங்கு ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றேன்.

அவ்வம்மையார் புகழ்பெற்றது செவிலி வேடத்தினாலே. அகப்பொருள் கற்ற நமக்குச் செவிலி புதியவள் அல்லள். தலைவியை வளர்த்தவள் அவள்; வளர்த்த மகள் உடன்போக்கிற் பிரிந்தபோது சுரத்திடைத் தேடிச் செல்பவளும் அவளே. தனக்கெனத் துயரமும், அத்துயரத்தைத் தன் வாயாலே சொல்லும் உரிமையும் உடையவள். அவளுக்கு மகளும் உண்டு. அம்மகளே தலைவிக்குத் தோழியாவாள் என்பது தொல்காப்பியர் விதி. மாணாக்கர்க்கு இதனைக் கற்பிக்கும்போதெல்லாம், பிறர் மகளை வளர்ப்பவளுக்குத் தன் மகளையும் மறவாது வகுத்த அந்நெறியின் நுட்பத்தை யான் எடுத்துக்காட்டுவதுண்டு.

அமெரிக்கத் தென்மாநிலப் பண்ணைகளில் வெள்ளையர் குழந்தைகளை வளர்த்த கறுப்பின அடிமைப்பெண்ணை மம்மி என்று அழைத்தனர். 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபின்னரும், அரங்கும் நாவலும் விளம்பரமும் கூடி இந்த மம்மியை வேறொருத்தியாகப் புனைந்தன. பருத்த உடல், தலையிற் கட்டிய துணி, எந்நேரமும் விரிந்த சிரிப்பு, எசமானர் குடும்பத்தின்மீது எல்லையற்ற பற்று ஆகிய இவையே அவளது இலக்கணம். அவளுக்குக் கணவனில்லை; மகளில்லை; வீடில்லை; துயரமுமில்லை. மகளற்ற செவிலியாக அவளை ஆக்கியதிலேதான் அப்புனைவின் சூது முழுவதும் அடங்கியிருக்கின்றது. மகளில்லாதவளிடம், விற்கப்பட்ட உன் மகள் எங்கே என்று எவரும் வினவவேண்டியதில்லை அன்றோ?

இப்புனைவு வேடிக்கையளவில் நின்றுவிடவில்லை. 1889ஆம் ஆண்டில் அப்பமா வணிகர் சிலர், கரிமுகக் கூத்திலே கேட்ட ஆன்ட் ஜெமைமா என்னும் பெயரைத் தம் சரக்குக்குச் சூட்டினர். 1893ஆம் ஆண்டு சிக்காகோ உலகப் பொருட்காட்சியிலே, அடிமையாகப் பிறந்த நான்சி கிறீன் என்னும் பெண்மணி அப்பெயர் தாங்கி நின்று அப்பஞ் சுட்டு மக்களை ஈர்த்தார். 1922ஆம் ஆண்டில், கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கூடிக் கொலைசெய்யும் கொடுமையைத் தடுக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், செனற் சபையிலே தென்மாநில உறுப்பினரின் முட்டுக்கட்டையால் மடிந்தது. அடுத்த ஆண்டிலே அதே செனற் சபை, தலைநகரிலே மம்மிக்கு நினைவுச்சிலை எழுப்ப இசைவு தந்தது. கறுப்பினத்தவரின் எதிர்ப்புக்கிடையே அச்சிலை எழும்பாமலே போயிற்று. ஆயினும், உயிரோடிருக்கும் மனிதரைக் காக்க மறுத்த சபை, புனைந்த உருவத்துக்குச் சிலைவைக்க முன்வந்தமை நாம் கருதத்தக்கது.

சிக்காகோவிலே பொருட்காட்சி நடந்த அதே 1893ஆம் ஆண்டிலேதான், கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரிலே ஹற்றி மக்டானியல் பிறந்தார். தந்தை ஹென்றி, தாய் சூசன். இருவரும் அடிமைகளாகப் பிறந்தோர். தந்தையார் உள்நாட்டுப் போரில் வடவர் படையிலே நின்று போர் செய்தவர். பதின்மூன்று மக்களுள் கடைக்குட்டியாகிய ஹற்றி, கொலராடோ மாநிலத்து டென்வர் நகரிலே வளர்ந்தார். பள்ளியிலே செய்யுளொப்புவித்தலிற் பதக்கம் பெற்ற அவர், படிப்பை இடைநிறுத்தி உடன்பிறந்தாரோடு அரங்கேறினார். 1914ஆம் ஆண்டிலே தம் தமக்கையோடு சேர்ந்து பெண்களே நடிக்கும் கூத்துக்குழு ஒன்றை அமைத்தார். அக்குழுவிலே அவர் மம்மி வேடம் புனைந்ததுண்டு. ஆனால் அவையிலிருந்தோர் கறுப்பினத்தவர். நகைக்கப்பட்டது வெள்ளையர் புனைந்த பொய்யுருவம். ஆள்வோர் எள்ளுவதற்கும் ஆளப்படுவோர் அந்த எள்ளலையே திருப்பி எள்ளுவதற்கும் உள்ள வேற்றுமையை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார்.

பின்னர் அவர் டென்வர் வானொலியிலே பாடினார். தாமே பாட்டெழுதி இசைத்தட்டுக்களிலும் பாடினார். 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி அவரைத் தெருவிலே நிறுத்தியது. மில்வோக்கி நகரருகே ஓர் இரவு விடுதியிலே பெண்கள் கழிவறையைக் கவனிக்கும் வேலையே கிடைத்தது. அங்குப் பாட வாய்ப்புக் கிட்டியதும் அவையைத் தம் வசமாக்கினார். 1931ஆம் ஆண்டிலே லொஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். வானொலியிற் பெயர் பெற்றும் வருவாய் போதாமையால், பிறர் வீடுகளிற் பணிப்பெண்ணாகவும் உழைத்தார். திரைப்படத்திலே கிடைத்த வேடமும் பணிப்பெண் வேடமே.

அவ்வேடத்தினுள்ளும் அவர் ஒரு வழி கண்டார். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அலிஸ் அடம்ஸ்’ என்னும் படத்திலே, செல்வரைப்போல நடிக்க விரும்பும் குடும்பம் ஒன்று ஓரிரவு விருந்துக்காக அமர்த்திய வேலைக்காரியாக வருகின்றார். பேச்சு மிகுதியில்லை. சலிப்புத் தோன்றிய முகமும் விரைவற்ற நடையுமே அக்குடும்பத்தின் பொய்ம்மையை வெளிப்படுத்திவிடுகின்றன. பணிந்து நிற்பவள் பணியாத கண்ணால் எசமானரை அளக்கின்றாள். இதுவே அவர் நடிப்பின் தனித்தன்மை.

மார்கிறெற் மிச்செல் எழுதிய ‘கோன் வித் த விண்ட்’ 1936ஆம் ஆண்டில் வெளிவந்து நாடு முழுதும் விரும்பிப் படிக்கப்பட்ட நாவல். அடிமைப் பண்ணைகளின் காலத்தைப் பொற்காலமாகக் காட்டிய அந்நாவலை டேவிட் செல்ஸ்னிக் படமாக்கியபோது, மம்மியாக நடித்தவர் ஹற்றி அம்மையார். 1939ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆம் நாள் ஜோர்ஜியா மாநிலத்து அட்லான்டா நகரிலே படம் முதன்முதற் காட்டப்பட்டது. ஒதுக்கற் சட்டங்கள் நிலவிய அந்நகரிலே கறுப்பின நடிகர் எவரும் அவ்விழாவிலே கலந்துகொள்ள இடமில்லாது போயிற்று. அவ்விழாவை ஒட்டி வெள்ளையர் நடத்திய நடன விருந்திலே, கறுப்பினத் தேவாலயப் பாடகர் குழு ஒன்று அடிமை உடை தரித்துப் பாடியது. அக்குழுவிலே நின்ற பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

1940ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள், சிறந்த துணைநடிகைக்கான ஒஸ்கார் விருது அம்மையாருக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. விழா நடந்த அம்பாசடர் ஹோட்டலிலே கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்பது விதி. செல்ஸ்னிக் தனியே வேண்டிக்கொண்டமையால் அவர் உள்ளே விடப்பட்டார். ஆயினும், உடன்நடித்தோர் இருந்த மேசையிலன்றிச் சுவரோரத்துச் சிறுமேசையிலே அமர்த்தப்பட்டார். விருதை ஏற்குமுன் அவர் கடந்து நடந்த அந்தத் தூரமே அன்றைய அமெரிக்காவின் அளவுகோல். அப்படத்திலே குழந்தையை இழந்த குடும்பத்தின் துயரத்தை மாடிப்படியேறிக்கொண்டே அவர் எடுத்துரைக்கும் காட்சி, கண்டோர் நெஞ்சை உருக்கியது. நம் செவிலியைப் போல அவளும் அங்கு அழுகின்றாள். ஆனால் அழுவது எசமானர் வீட்டுத் துயரத்துக்காக. தன் வீட்டுத் துயரத்துக்கு அப்படத்திலே ஒரு சொல்லேனும் இடமில்லை.

இதனாலேயே அவர்மீது கண்டனம் எழுந்தது. கறுப்பினத்தவர் உரிமைக்காக உழைத்த தேசியச் சங்கத்தின் செயலாளர் வோல்ற்றர் வைற், 1942ஆம் ஆண்டிலே ஹொலிவுட் சென்று, சிரிக்கும் வேலைக்காரர் வேடங்களை ஒழிக்குமாறு படமெடுப்போரை வற்புறுத்தினார். வீட்டு வேலைக்காரியாய் உழைப்பதினும் வேலைக்காரியாய் நடிப்பது மேல் என்பது அம்மையாரின் நிலை. நேர்மையான உழைப்பை நடித்துக் காட்டுவதில் இழிவில்லை என்றும், வேடங்களை ஒழித்தால் கறுப்பின நடிகர் பட்டினி கிடப்பர் என்றும் அவர் வாதிட்டார்.

இவ்வழக்கிலே எவர் பக்கம் நீதி? இருவரும் உண்மையே பேசினர் என்பது என் துணிபு. வைற் அவர்கள் திரையின் வலிமையை அறிந்து பேசினார். கோடிக்கணக்கானோர் கண்ட அவ்வுருவம், தம் ஊரிலே ஒரு கறுப்பினத்தவரையும் அறியாதோருக்கு அவ்வினம் முழுவதன் முகமாயிற்று. அம்மையார் திரைக்குப் பின்னாலிருந்த வறுமையை அறிந்து பேசினார். குற்றம், ஓரினத்துக்கு ஒரே வேடத்தை வைத்துக்கொண்டு, அதனை ஏற்பதா மறுப்பதா என்று அவ்வினத்தார் தமக்குள்ளே சண்டையிட விட்டோரைச் சாரும்.

திரையிலே பெறமுடியாததை அம்மையார் நீதிமன்றத்திலே பெற்றார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சுகர் ஹில் என வழங்கிய பகுதியிலே அவர் பெரிய வீடொன்றை வாங்கினார். அப்பகுதிக் காணி உறுதிகளிலே, வெள்ளையரல்லாதார் அங்குக் குடியிருத்தலாகாது என்னும் கட்டுப்பாடு எழுதப்பட்டிருந்தது. அயலவருட் சிலர் வழக்குத் தொடுத்தனர். அவரும் அங்கு வாழ்ந்த ஏனைய கறுப்பினக் குடும்பத்தாரும் ஒன்றுகூடி எதிர்த்தனர். லோரன் மில்லர் என்னும் வழக்கறிஞர் அவர்களுக்காக வாதிட்டார். 1945ஆம் ஆண்டு டிசெம்பரிலே, 1868ஆம் ஆண்டின் பதினான்காம் அரசியலமைப்புத் திருத்தம் உறுதிசெய்த சம உரிமையைக் காட்டி நீதிபதி அவ்வழக்கைத் தள்ளினார். இத்தகைய கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என உயர் நீதிமன்றம் நாடு முழுவதற்கும் தீர்த்தது 1948ஆம் ஆண்டிலே. அவ்வழக்கிலும் மில்லர் பங்குகொண்டார். வேடத்தால் மம்மியின் வீடின்மையை நடித்தவர், வாழ்க்கையால் தம் இனத்தார் வீட்டுரிமைக்கு வழிதிறந்தோருள் ஒருவரானார்.

1947ஆம் ஆண்டிலே ‘பியூலா’ என்னும் வானொலி நகைச்சுவைத் தொடரின் தலைமை வேடத்தை ஏற்றார். அதுவும் பணிப்பெண் வேடமே. அதற்குமுன் அக்கறுப்பினப் பெண்ணின் குரலாக ஒலித்தவர்கள் வெள்ளைக்கார ஆண்கள் என்றால் அக்காலத்து நிலையை வேறு விளக்கவேண்டுமோ? கொச்சைத் தமாஷ் மொழியிற் பேசமாட்டேன் என்பதை அம்மையார் தம் உடன்பாட்டிலே வலியுறுத்தினார். தொலைக்காட்சியிலும் அத்தொடரிற் சில பகுதிகளில் நடித்தபின் புற்றுநோய் அவரைப் பற்றியது. 1952ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் காலமானார்.

ஹொலிவுட் மயானத்திலே தம்மை அடக்கஞ் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் அம்மயானம் அவர் உடலை ஏற்க மறுத்தது. றோஸ்டேல் மயானத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார். 1999ஆம் ஆண்டிலே, புதிய உடைமையாளர் கைக்கு மாறியிருந்த ஹொலிவுட் மயானத்திலே அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற ஒஸ்கார் விருது பிற்காலத்திலே காணாமற் போயிற்று. 2023ஆம் ஆண்டிலே அதற்கு ஈடாக மற்றொன்று வழங்கப்பட்டது. அவருக்குப்பின் ஒரு கறுப்பினப் பெண் நடிப்புக்காக ஒஸ்கார் பெற ஐம்பத்தோராண்டுகள் கழிந்து, 1991ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அப்பமாவின் பெயரோ 2021ஆம் ஆண்டிலேதான் மாற்றப்பட்டது.

விருந்திலே மேசை மறுக்கப்பட்டது. ஊரிலே வீடு மறுக்கப்பட்டது. இறந்தபின் குழியும் மறுக்கப்பட்டது. மறுத்தவர்களுட் பலர் திரையிலே அவரைக் கண்டு சிரித்து மகிழ்ந்தவர்களாகவே இருந்திருப்பர். திரையிலுள்ள உருவத்தின்மீது கொண்ட அன்பு, உருவத்துக்குப் பின்னின்ற மனிதரை நோக்காதிருக்க அவர்களுக்குத் துணைசெய்தது. வெறுப்பைக் காட்டும் கதையினும் இத்தகைய அன்பைக் காட்டும் கதை ஆற்றல் மிக்கது. வெறுப்பு நாணத்தை உண்டாக்கவும் கூடும், இவ்வன்போ நாணத்தையும் போக்கிவிடும்.

ஆதலின் இலக்கியங் கற்கும் மாணவர்க்கு யான் கூறுவது இது. அரங்கிலோ திரையிலோ நாவலிலோ ஒரு பணியாளர் தோன்றினால், அவர் எத்துணை இனியவராய்ப் படைக்கப்பட்டார் என்பதோடு ஆராய்ச்சியை நிறுத்தாதீர். அவருக்கு வீடு உண்டா, மகள் உண்டா, தம் துயரத்தைத் தாமே சொல்லும் ஓர் இடமேனும் அக்கதையில் உண்டா என்று தேடுங்கள்.