மன்னாரில் எழாத கல்லூரி

கிறிஸ்தவத் திருச்சபையில் குருவாகவோ, திருப்பணியாளராகவோ பொறுப்பேற்க முன்வரும் இளைஞர் இன்று நீண்டதொரு கல்விப் பாதையைக் கடக்க வேண்டியிருக்கின்றது. மன்னார் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க மாணவருக்கு யாழ்ப்பாணம் கொழும்புத்துறைக் குருமடமும் கண்டி அம்பிட்டியத் தேசிய குருமடமும் உள்ளன. ஏனைய திருச்சபையினருக்குப் பிலிமத்தலாவை இறையியற் கல்லூரி இருக்கின்றது. கடலுக்கு அப்பால் மதுரை அரசரடியில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ்நாடு இறையியற் கல்லூரி இருக்கின்றது. பட்டப்பின் ஆய்வென்றால் ரோமாபுரி வரை செல்வோரும் உளர். தலைமன்னாரில் பிறந்த ஒருவருக்கு இவை யாவும் தொலைவிலேயே அமைந்திருக்கின்றன.

ஆயினும், ஏறக்குறைய நான்கரை நூற்றாண்டுகளுக்கு முன்னர், 1560ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், மறைப்பணிக்கு வருவோர் தமிழைக் கற்றுத் தேறுவதற்கென ஓர் உயர்கல்விச்சாலை வேண்டும் என்றும், அது மன்னாரிலோ புன்னைக்காயலிலோ அமைய வேண்டும் என்றும் ஒருவர் தம் மேலிடத்துக்கு எழுதினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இன்றைய பொருளில் அதனைப் பல்கலைக்கழகம் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மக்களை வழிநடத்த வருபவர் முதலில் அம்மக்களின் மொழிக்கு மாணவராக வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அவ்வாறு எழுதியவர் இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கஸ். தமிழர் நாவில் அவர் அண்டிரிக் அடிகளார்.

1520ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசாவில் பிறந்தவர் அவர். அவருடைய முன்னோர் யூதர். கிறிஸ்தவத்துக்கு மாறிய யூதக் குடும்பத்தினரைப் புதுக் கிறிஸ்தவர் என்று பெயரிட்டு ஒதுக்கிவைப்பது அந்நாட்டில் அன்று வழக்காயிருந்தது. இளமையில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த அவர், பிறப்புத் தெரியவந்தபோது வெளியேற்றப்பட்டார். ஒழுக்கத்திலோ கல்வியிலோ குறை காணப்பட்டதால் அன்று. குருதியில் குறை காணப்பட்டதால். நம் சமூகத்துக்கு இவ்வளவுகோல் புதியதன்று என்பதால் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

பின்னர் கோயிம்பிராவில் திருச்சபைச் சட்டம் பயின்ற அவரை, அப்போது புதிதாகத் தோன்றியிருந்த இயேசு சபை 1545இல் ஏற்றுக்கொண்டது. சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் இத்தகைய தடைகளைப் பொருட்படுத்தாதவர். மறு ஆண்டே அடிகளார் கோவாவுக்குக் கப்பலேறினார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. உடல்நலமும் உறுதியானதாக இல்லை. அந்த உடலோடுதான் அவர் இக்கரையில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்.

அவர் வந்து சேர்ந்த கடலின் நிலையையும் சற்று நோக்குதல் வேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபம் பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வாழ்வாதாரமாகவும், அக்காரணத்தாலேயே ஓயாத பகைக்கு இடமாகவும் இருந்தது. 1535ஐ அடுத்து பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றமைக்குச் சமயத் தேட்டம் மட்டுமே காரணமன்று. போர்த்துக்கேயரின் பாதுகாப்பும் காரணம். தலைமன்னாருக்கு எதிர்க்கரையில், மண்டபத்துக்கு அருகே உள்ள வேதாளையில் 1538இல் கோழிக்கோட்டு முஸ்லிம் கடற்படையைப் போர்த்துக்கேயர் முறியடித்தனர். 1544இல் மன்னார்த் தீவில் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியோர் சுமார் 600 பேர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். தோட்டவெளியில் அவர்களின் நினைவு இன்றும் போற்றப்படுகின்றது. 1549இல் அதே வேதாளையில், முத்துக்குளித்துறை மறைப்பணியின் தலைவராயிருந்த அந்தோனியோ கிரிமினாலி வடுகப் படையினரின் ஈட்டிக்கு இரையானார். அவருக்குப் பின் அப்பொறுப்பு அண்டிரிக் அடிகளாரிடம் வந்தது. 1576 வரை அதனை அவர் சுமந்தார்.

வாளும் வணிகமும் முன்சென்ற இடத்தில் சமயப் போதனை எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்று ஐயுறுவது இயல்பே. சவேரியாரே 1542இல் வந்திறங்கியபோது மொழிபெயர்ப்பாளரின் துணையுடன்தான் செபங்களைத் தமிழாக்கினார். அதில் நேர்ந்த ஒரு பிழையை அவரே 1544இல் கண்டுணர்ந்து உடன் பணியாளருக்கு எழுதினார். விசுவாச அறிக்கையில் விசுவசிக்கிறேன் என்று வர வேண்டிய இடத்தில் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது! நம்புகிறேன் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை அறியாமல் ஒரு கரை முழுவதும் அதனை மனனம் செய்திருக்கின்றது. சவேரியாரின் பெருமையை இது குறைக்காது. மொழி அறியாத குருவின் நிலை எத்தகையது என்பதை மட்டும் காட்டும்.

அண்டிரிக் அடிகளாரும் தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருந்தார். ஆனால் சில மாதங்களிலேயே அவரை விலக்கிவிட்டுத் தாமே மக்களோடு பேசத் துணிந்தார். அதற்கு அவர் கையாண்ட வழி காதால் கேட்டுப் பழகுவது மட்டுமன்று. பெயர்ச்சொல் எவ்வாறு வேற்றுமை ஏற்கின்றது, வினைச்சொல் காலத்துக்கேற்ப எவ்வாறு திரிகின்றது என்று ஒவ்வொன்றாகக் குறித்து, இலத்தீன் இலக்கண முறையில் அட்டவணைப்படுத்தினார். போர்த்துக்கேய அறிஞர் ஜுவான் த பாரோஸ் 1540இல் வெளியிட்ட இலக்கணம் அவருக்கு முன்மாதிரியாயிற்று. இவ்வாறு 1549 அளவில் உருவானதே ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம். தொல்காப்பியமும் நன்னூலும் கற்ற புலவருக்கு அது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் கடற்கரை மக்கள் அன்றாடம் பேசிய தமிழை நம் புலவர்கள் எழுதிவைக்கவில்லை. அந்நியர் ஒருவர் எழுதிவைத்தார்.

தலைமைப் பொறுப்பை ஏற்றபின் அவர் விதித்த ஒழுங்கு ஒன்று நம் கவனத்துக்குரியது. தம் தோழர்கள் தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும்; போர்த்துக்கேயம் பேசியவர் அதற்காகத் தவ முயற்சி செய்ய வேண்டும். ஆட்சியாளரின் மொழியைப் பேசியவருக்குத் தண்டனை! பிற்காலத்தில் நம் நாட்டு மிஷன் பாடசாலைகள் பலவற்றில் தமிழ் பேசிய மாணவர் தண்டம் கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இச்செய்தி வியப்பளிக்கும்.

ஊர்தோறும் குருக்கள் இல்லாத நிலையில், கணக்கப்பிள்ளை எனப்பட்ட உள்ளூர்ப் போதகர்களை அவர் பெரிதும் நம்பினார். குழந்தைகளுக்குச் செபம் கற்பித்தல், இறக்கும் தறுவாயில் இருப்போருக்குத் திருமுழுக்கு அளித்தல், பிணக்குகளைத் தீர்த்தல் யாவும் அவர்கள் கையில் இருந்தன. குருவானவர் வருவதும் போவதுமாயிருக்க, சபை நிலைத்தது இவர்களால்தான் என்பது எமது கருத்து.

1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தார். அதனை நிலையாகக் கைப்பற்ற இயலாமல், மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார். புன்னைக்காயலில் வடுகரின் தொல்லைக்கு ஆளாகியிருந்த பரதவர் பலர் மன்னாருக்குக் குடியேற்றப்பட்டனர். அவர்களோடு அடிகளாரும் வந்தார். கல்விச்சாலைக் கனவில் மன்னாரின் பெயர் இடம்பெற்றது இச்சூழலில்தான். இரு கரைகளுக்கும் நடுவே, தமிழ் பேசும் மக்களிடையே, கோவாவின் அதிகார மையத்துக்கு வெகு தொலைவில் அமைந்த இடம் அது. கல்விச்சாலை எழவில்லை, எழுந்தது கோட்டையே. குடியேறியோரில் பலர் பின்னர் தம் ஊருக்கே திரும்பினர். கல்லூரி இன்றியே அதன் பாடநூல்களை ஒருவர் தனியாக ஆக்கத் தொடங்கினார் என்று அடிகளாரின் எஞ்சிய வாழ்வைக் கூறலாம்.

1578 ஒக்டோபர் 20ஆம் திகதி கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அச்சுச் செலவுக்குப் பரதவர் பொருளுதவினர். அடுத்த ஆண்டு கொச்சியில் கிறிசித்தியானி வணக்கம், 1580இல் பாவசங்கீர்த்தனம் செய்வோருக்கான கையேடு, 1586இல் அறுநூறு பக்கங்களைக் கடந்த அடியார் வரலாறு ஆகியன தொடர்ந்தன. அவற்றின் நடை செந்தமிழன்று. போர்த்துக்கேயச் சொற்கள் நெருடுகின்றன. எழுத்துப் பிழைகள் ஏராளம். ஆயினும் இறைவனைக் குறிக்க அவர் தேர்ந்த சொல், தம்பிரான் என்ற தமிழ்ச் சொல்.

இவ்விடத்தில் முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரலாம். தம்பிரான் வணக்கம் அச்சேறுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1572இல், வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா மதுரையில் அரங்கேறியது. இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது அது. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் விடையளிப்பதாக அமைந்தது. கிறிசித்தியானி வணக்கமும் ஆசிரியரும் மாணவரும் வினா விடையாக உரையாடும் நூலே. பகைத்துக்கொண்டிருந்த இரு சமயத்தார் ஏறத்தாழ ஒரே காலத்தில் தத்தம் மறைக்கல்வியைத் தமிழுக்குள் கொண்டுவர முயன்றிருக்கின்றனர். இதில் முஸ்லிம்களின் மொழி வெற்றி பெரிது. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று அவர்கள் சொல்லும்போது அச்சொற்களில் அந்நிய வாடை சிறிதும் இல்லை. கிறிஸ்தவர் அந்த இயல்பை எட்ட மேலும் நெடுங்காலம் பிடித்தது.

அடிகளாரைச் சமய நல்லிணக்கத் தூதராகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. அவர் தம் காலத்து மறைப்பணியாளர்; பிற சமயங்களைப் பிழையென்றே கருதினார்; போர்த்துக்கேய ஆதிக்கத்தின் நிழலிலேயே பணியாற்றினார். ஆனால் மக்களின் மொழியைத் தம் மொழிக்குக் கீழாக அவர் நினைக்கவில்லை.

அவருடைய வாழ்நாளிலேயே கதவுகள் மூடத் தொடங்கின. கொல்லத்துப் பிராமணரான பேரோ லூயிஸ் 1561இல் இயேசு சபையில் சேர்ந்து 1575இல் குருவானார். அச்சபையின் முதல் இந்தியக் குரு அவரே. தம் நாட்டவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ரோமாபுரிக்கு எழுதிக் கேட்டார். அக்கோரிக்கை நிறைவேறாமலே 1596இல் மறைந்தார். இதனிடையே 1593இல், யூத வழிவந்தோரைச் சபையில் இனி ஏற்பதில்லை என்று இயேசு சபையின் பொதுப் பேரவை முடிவெடுத்தது. அப்போது அண்டிரிக் அடிகளார் எழுபத்து மூன்று வயது முதியவர். தமக்குத் திறந்த கதவு தம்மைப் போன்றோருக்கு அடைபட்ட செய்தியோடு இறுதி ஆண்டுகளைக் கழித்திருப்பார். அத்தடை 1608இல் தளர்த்தப்பட்டு, 1946இல்தான் முற்றாக நீக்கப்பட்டது.

நூல்களும் மறக்கப்பட்டன. 1913இல் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த தனிநாயகம் அடிகளார் ரோமாபுரியில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்ற பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்கச் சென்றார். இறையியல் உயர்கல்வியும் தமிழும் அவரிடம் ஒன்றுசேர்ந்ததன் பயனாகவே, ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய இந்த ஆதி அச்சு நூல்கள் 1950களில் தமிழர் கவனத்துக்கு வந்தன. அடியார் வரலாறு 1967இல் இராசமாணிக்கம் அடிகளாரால் மறுபதிப்புக் கண்டது. லிஸ்பன் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்த இலக்கணத்தை ஜீன் ஹைனும் வி. எஸ். இராஜமும் ஆங்கிலத்தில் பெயர்த்து ஆய்வுரையுடன் வெளியிட்டது 2013ஆம் ஆண்டில்.

1600ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் புன்னைக்காயலில் அடிகளார் காலமானார். அயற்கிராமத்து முஸ்லிம்கள் ஒரு நாள் நோன்பிருந்தனர் என்றும், இந்துக்கள் கடைகளை அடைத்து நோன்பு காத்தனர் என்றும் இயேசு சபையார் குறித்துவைத்திருக்கின்றனர். தம்மவரின் புகழைச் சற்று உயர்த்திக் கூறுவது எந்தச் சபைக்கும் இயல்பு என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுக் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றதைக் கண்ட தலைமுறை, அக்குறிப்பை எளிதில் கடந்துபோக முடியாது. அடிகளாரின் உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.