சுழியம், ஒன்று, இரண்டு: டென்னிஸ் ரிட்சி

2011 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது. அடுத்த வாரம் டென்னிஸ் ரிட்சி நியூ ஜெர்சியிலுள்ள தம் வீட்டில் இறந்து கிடந்தார். அந்தச் செய்தி பலர் காதுக்கு எட்டவே இல்லை. இத்தனைக்கும், மாணவர்களே, உங்கள் கைப்பேசிக்குள் இன்றும் அவருடைய சிந்தனைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரிட்சி 1941இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். தந்தை பெல் ஆய்வுக்கூட அறிவியலாளர். ஹார்வர்டில் இயற்பியல் படித்த மகனும் 1967இல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். முனைவர் ஆய்வேட்டை எழுதி முடித்தவர், அதை முறையாக ஒப்படைக்காததால் பட்டம் பெறாமலே இருந்துவிட்டார்!

1969இல் கென் தாம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியில் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். ரிட்சி கைகொடுத்தார். கருவிகளையும் கோப்புகளாகவே நடத்தலாம் என்ற யோசனையில் அவருடைய பங்கு பெரிது. அக்காலத்தில் திரைக்குப் பதில் தட்டச்சு இயந்திரம் போன்ற டெலிடைப் இருந்தது. யூனிக்ஸின் கண்ணுக்கு அதுவும் ஒரு கோப்புதான்.

ஒரு நிரல் கோப்பைத் திறந்தால், யூனிக்ஸ் அதற்கு ஓர் எண் தரும். காலியாக உள்ளவற்றில் மிகச் சிறிய எண்ணே கிடைக்கும். நம் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ‘ஷெல்’ என்ற நிரல், டெலிடைப்பைச் சுழியம் என்றும் ஒன்று என்றும் திறந்து வைத்தது. சுழியத்தில் படிக்கும், ஒன்றில் எழுதும். பிழைச் செய்திகளுக்கான இரண்டு பின்னர் வந்தது.

இதில் என்ன பயன்? விடையைத் திரையில் காட்டாமல் கோப்பில் சேமிக்கச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஷெல் தன்னைப் போலவே ஒரு நகலை உருவாக்கும். நகல் ஒன்றாம் எண்ணை மூடிவிட்டு, உங்கள் கோப்பைத் திறக்கும். காலியான அந்த ஒன்றே கோப்புக்குக் கிடைக்கும். பிறகு நகலின் இடத்தில் நீங்கள் கேட்ட நிரல் ஓடும். எங்கே எழுதுகிறோம் என்று அந்த நிரலுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மூல ஷெல்லின் ஒன்றாம் எண்ணோ முனையத்தை விட்டு நகரவே இல்லை. அதனால்தான் அடுத்த கட்டளைக்கான குறி மீண்டும் திரையில் தோன்றுகிறது.

1972வாக்கில் ரிட்சி சி மொழியை உருவாக்கினார்; மறு ஆண்டு யூனிக்ஸின் கருவே அம்மொழியில் திருத்தி எழுதப்பட்டது. 1983இல் தாம்சனுடன் டூரிங் விருது பெற்றார். 2007இல் ஓய்வு பெறும்வரை அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார்.

லினக்ஸ் கணினி கிடைத்தால் முனையத்தைத் திறந்து ஒரு கட்டளை தட்டிப் பாருங்கள். நீங்கள் தட்டுவது சுழியத்தில் நுழைகிறது. விடை ஒன்றில் வெளிவருகிறது.