விட்டலாச்சார்யா: கிண்டலாகச் சொல்லப்படும் இந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார்?

புதுப்படம் ஒன்றின் டீசர் வெளியாகி, அதில் கிராபிக்ஸ் கொஞ்சம் சொதப்பியிருந்தால் போதும். விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கு என்று யாராவது ஒருத்தர் உடனே சொல்லிவிடுவார். தமிழில் அது கிட்டத்தட்ட ஒரு வசைச்சொல்லாகவே ஆகிப்போச்சு. ஆனால், அப்படிச் சொல்றவங்கள்ல பலர் அவரோட ஒரு படத்தைக்கூட முழுசா பார்த்திருக்க மாட்டாங்க. அது ஒரு ஆளோட பேரா, கம்பெனி பேரான்னுகூட சிலருக்குத் தெரியாது.

அண்ணாமலை நகர்ல வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட ஜெகன்மோகினி படத்தைப் பத்திக் கேட்டுப் பாருங்க. விறகுக்குப் பதிலா தன் காலையே அடுப்புக்குள்ள நீட்டி, ஜம்முனு உட்கார்ந்து சமைக்கிற பேயைத்தான் முதல்ல சொல்வாங்க. அந்தப் படத்தை எடுத்தவர்தான் பி.விட்டலாச்சார்யா.

பேய், மந்திரவாதி, குதிரை, வாள்சண்டை எல்லாத்தையும் குறைஞ்ச செலவுல ஒரே படத்துக்குள்ள இவர் எப்படிக் கொண்டு வந்தார்? இவர் பெயர் ஏன் கிண்டலுக்கு உரியதா ஆச்சு? விரிவாகப் பார்க்கலாம்.

மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு

1920 ஜனவரி 28-ம் தேதி, கர்நாடகாவில் உடுப்பிக்குப் பக்கத்தில் உள்ள உத்யாவரா என்ற ஊரில் பிறந்தார் விட்டலாச்சார்யா. அப்பா ஆயுர்வேத வைத்தியர். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார். அவருடைய கவனமெல்லாம் நாடகத்திலும் யட்சகானத்திலும்தான் இருந்தது.

யட்சகானம் என்றால் என்ன? நம்ம கடலூர், விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்தை நினைச்சுக்கோங்க. ராத்திரி முழுக்க நடக்கும். பெரிய கிரீடம், முகம் நிறைய அரிதாரம், அரசன், அரக்கன், நடுநடுவே சிரிக்க வைக்க ஒரு கோமாளி. அரக்கன் மேடைக்கு வரும்போது குழந்தைகள் பயந்து அம்மா மடியில் ஒளிஞ்சுக்கும். அடுத்த நிமிஷமே கோமாளியைப் பார்த்துச் சிரிக்கும். பயமும் சிரிப்பும் பக்தியும் ஒரே ராத்திரியில் கலந்து கிடைக்கும். பிற்காலத்தில் விட்டலாச்சார்யா எடுத்த படங்களில் இருந்ததும் இதே கலவைதான்.

ஒன்பது வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி அரசிகெரேவுக்குப் போனார். கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிறகு உறவினரிடமிருந்து ஒரு சின்ன உடுப்பி ஹோட்டலை வாங்கி நடத்தினார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கலந்துகொண்டு சிறைக்கும் போனார். வெளியே வந்ததும் ஹோட்டலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நண்பர்களோடு சேர்ந்து ஹாசன் மாவட்டத்தில் டூரிங் டாக்கீஸ் தொடங்கினார்.

டென்ட் கொட்டகைதான் அவருக்குக் காலேஜ்

டூரிங் டாக்கீஸ்ல வேலை எப்படி நடக்கும் தெரியுமா? ஒரு ஊரில் கூடாரம் போடுவாங்க. சில மாதங்கள் ஓட்டியதும் பிரிச்சுக் கட்டி அடுத்த ஊருக்குப் போவாங்க. பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். அதனால ஒரு ரீல் முடிஞ்சு அடுத்த ரீலை மாட்டும்வரை படம் நிற்கும். முன்னாடி மணல் தரை டிக்கெட், பின்னாடி பெஞ்ச், அதுக்கும் பின்னாடி நாற்காலி.

விட்டலாச்சார்யா தன்னோட கொட்டகைக்கு வந்த படங்களையெல்லாம் உட்கார்ந்து பார்த்தார். சினிமா எடுப்பதை அவர் கத்துக்கிட்டது இப்படித்தான். படத்தோடு சேர்த்து மணல் தரையில் உட்கார்ந்திருந்த ஜனங்களையும் பார்க்க அந்த இடம் அவருக்கு வாய்ப்புக் கொடுத்தது. எந்த இடத்தில் ஆளுங்க பீடி பிடிக்க எழுந்து போறாங்க, எந்த இடத்தில் விசில் அடிக்கிறாங்க, எந்த இடத்தில் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றாங்க என்பதை ஒரு டூரிங் டாக்கீஸ் முதலாளியைவிட நல்லா தெரிஞ்சவர் யார் இருக்க முடியும்?

1940-களில் மைசூருக்குப் போய், டி.சங்கர் சிங்கோடு சேர்ந்து மகாத்மா பிக்சர்ஸ் நிறுவனத்தில் கன்னடப் படங்கள் தயாரித்தார். 1951-ல் அந்த நிறுவனம் எடுத்த படங்களில் ஒன்றின் பெயர் ஜெகன்மோகினி. ஆமா, அதே பெயர்தான். 27 வருஷம் கழித்து அந்தப் பெயரை அவர் மறுபடியும் கையில் எடுத்தார்.

மெட்ராஸுக்கு வந்த கதை

1953-ல் விட்டல் புரொடக்‌ஷன்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது தென்னிந்திய சினிமாவின் தலைநகரம் மெட்ராஸ். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என நான்கு மொழிப் படங்களும் இங்கேதான் பெரும்பாலும் தயாராகின. விட்டலாச்சார்யாவும் மெட்ராஸுக்கு வந்து தெலுங்குப் படங்களில் இறங்கினார்.

ஆரம்பத்தில் எடுத்தவற்றில் குடும்பக் கதைகளும் உண்டு. 1960-ல் வந்த கனகதுர்கா பூஜா மகிமா நல்ல வெற்றி பெற்றது. காந்தாராவ் நடித்த அந்தப் படத்துக்குப் பிறகு, மாயாஜாலம்தான் தன் பாதை என்று முடிவு செய்துவிட்டார். 1963-ல் என்.டி.ராமாராவ் நடிப்பில் பந்திபோட்டு, 1964-ல் நவக்கிரக பூஜா மகிமா, 1966-ல் அக்கி பராட்டா என்று வரிசையாக வந்தன. தெலுங்கு ரசிகர்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் ஜானபத பிரம்மா. நாட்டுப்புறக் கதைகளைப் படைப்பவர் என்று அர்த்தம்.

ஹாலிவுட்டிலும் இதே கூத்துதான்

இந்த மாதிரி படங்கள் நம்ம ஊரில் மட்டும்தான் வந்ததுன்னு நினைச்சா அது தப்பு. குதிரை, துப்பாக்கி, பாலைவனம் என்று போகும் கௌபாய் படத்துக்குள் பேயையும் ரத்தக் காட்டேரியையும் கொண்டு வருகிற ஒரு ரகம் அமெரிக்காவில் உண்டு. பெரும்பாலும் சின்ன பட்ஜெட்டில் எடுக்கப்பட்டவை. 1966-ல் வில்லியம் போடைன் என்ற இயக்குநர் அப்படி இரண்டு படங்களை வெளியிட்டார். ஒன்றில் பில்லி த கிட் என்ற கௌபாய், டிராகுலாவோடு மோதுவார். இன்னொன்றில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்ற கொள்ளைக்காரர், ஃபிராங்கென்ஸ்டைன் குடும்பத்துப் பெண்ணிடம் மாட்டுவார். இரண்டையும் சில நாட்களிலேயே சுட்டு முடித்துவிட்டார்கள்.

அதே 1966-ல்தான் இங்கே அக்கி பராட்டா வந்தது. அமெரிக்கக் கௌபாய்க்குப் பதில் குதிரையில் வரும் வாள்வீரன். துப்பாக்கிக்குப் பதில் கத்தி. பாலைவனத்துக்குப் பதில் காடு. டிராகுலாவுக்குப் பதில் மந்திரவாதி. ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்ததாகச் சொல்ல முடியாது. குறைந்த காசில் ஜனங்களை உட்கார வைக்கணும் என்றால் சாகசத்தையும் பயத்தையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கணும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

தமிழிலும் கௌபாய் படங்கள் வந்தன. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த காலம் வெல்லும் 1970-லும், கங்கா 1972-லும் வெளியாகின. 2010-ல் சிம்புதேவன் எடுத்த இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம் அந்தக் காலப் படங்களைச் செல்லமாகக் கிண்டல் செய்தது. ஆனால், குதிரையையும் பேயையும் ஒன்றாகச் சேர்த்ததில் தமிழ் ரசிகர்களுக்குப் பழகிய பெயர் விட்டலாச்சார்யாதான். டப்பிங் வழியாக அவர் நம்ம ஊர் ஆளாகவே ஆகிவிட்டார்.

கம்ப்யூட்டர் இல்லாமல் மாயம் காட்டியது எப்படி?

ஃபிலிம் காலத்தில் மாயம் எல்லாம் கேமராவுக்குள்ளேயும் லேபிலும்தான் நடக்கணும். அதற்குச் சில அடிப்படை வித்தைகள் இருந்தன.

முதலாவது, நிறுத்தி எடுப்பது. கேமராவை அசையாமல் ஸ்டாண்டில் பூட்டிவிடுவார்கள். நடிகர் நிற்பார். கேமராவை நிறுத்துவார்கள். மத்தவங்க எல்லாம் அப்படியே சிலையா நிற்கணும். நடிகர் நகர்ந்துவிடுவார், அந்த இடத்தில் ஒரு ஆட்டைக் கட்டுவார்கள். மறுபடி கேமரா ஓடும். திரையில் பார்த்தால் மனுஷன் ஆடா மாறியிருப்பார். பிரான்ஸில் ஜார்ஜ் மெலியஸ் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே செய்து காட்டிய வித்தை இது.

இரண்டாவது, ஒரே ஃபிலிமில் இரண்டு முறை படம் எடுப்பது. லென்ஸின் பாதியை மறைத்து ஒரு முறை எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து இன்னொரு முறை எடுப்பார்கள். ஒரே நடிகர் இரண்டு பேராகத் தெரிவதும், சுவருக்குள் புகுந்து பேய் நடப்பதும் இப்படித்தான். கணக்கு ஒரு நூலிழை பிசகினாலும் முழு ஷாட்டும் வீண். ரீடேக் என்றால் மறுபடி ஃபிலிம் செலவு.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கம்பி, கேமராவைத் தலைகீழ் வரிசையில் ஓட்டுவது, சின்ன பொம்மை மாளிகை. 1957-ல் வந்த மாயா பஜார் படத்திலும் கேமரா தந்திரங்கள்தான் மாயம் காட்டின. ஆனால் அதன் பின்னால் விஜயா என்ற பெரிய நிறுவனமும் பெரிய நட்சத்திரக் கூட்டமும் இருந்தன. விட்டலாச்சார்யாவோ தன் கைக்காசைப் போட்டு, தானே இயக்கி, தானே கணக்கும் பார்த்தவர்.

சிக்கனத்துக்குப் பேர் போனவர் அவர். ஒரே அரண்மனை செட்டுக்குத் தூணையும் திரைச்சீலையையும் மாற்றினால் அது இன்னொரு நாடு. அவரைப் பற்றித் திரையுலகில் காலங்காலமாகச் சுற்றும் ஒரு கதையும் உண்டு. கால்ஷீட்டில் இழுத்தடிக்கிற நடிகர் இருந்தால், கதையில் ஒரு முனிவரைக் கொண்டு வந்து சாபம் கொடுக்க வைத்து, அந்தப் பாத்திரத்தைக் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிடுவாராம். மிச்ச ஷூட்டிங் ஆட்டோடு முடிஞ்சிடும். உண்மையோ பொய்யோ, அவர் எதற்காகவும் வேலையை நிறுத்தமாட்டார் என்று எல்லோரும் நம்பியது மட்டும் இதிலிருந்து தெரியுது.

ஜெகன்மோகினி என்ன செய்தது?

1970-களின் கடைசியில் பெரிய ஹீரோக்களின் சம்பளம் ஏறிவிட்டது. 1978-ல் ஜெகன்மோகினி எடுத்தபோது விட்டலாச்சார்யா அந்தப் போட்டிக்கே போகவில்லை. ஹீரோ நரசிம்மராஜு. பேயாக வந்தவர் ஜெயமாலினி. மற்ற படங்களில் ஒரு பாட்டுக்கு ஆட மட்டும் கூப்பிடப்பட்ட நடிகைக்கு, இங்கே படத்தின் பெயரே கிடைத்தது. ஜனங்கள் டிக்கெட் வாங்கியது அந்தப் பேயைப் பார்க்கத்தான்.

அடுப்பில் கால் வைக்கிற காட்சியை யோசிச்சுப் பாருங்க. ஒரு சமையல்கட்டு, ஒரு அடுப்பு, கொஞ்சம் நெருப்பு. பெரிய செட் எதுவும் இல்லை. வீட்டிலேயே ரொம்பப் பழகின இடத்தில் நடக்கக் கூடாத ஒன்று நடக்குது. அதனால்தான் படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன குழந்தை, சொந்த வீட்டு அடுப்பைப் பார்த்தே பயந்தது. தெலுங்கில் வெற்றி பெற்ற படம், தமிழில் டப் ஆகி இங்கேயும் பெரிய அளவில் ஓடியது. தொடர்ந்து கந்தர்வ கன்யா, மதன மஞ்சரி என்று படங்கள் வந்தன.

குறைகளே இல்லையா?

நிறையவே இருந்தன. ஒரே மாதிரி கதைகள். பெண் என்றால் ஒன்று மயக்கும் மோகினி, இல்லாவிட்டால் விளக்கேற்றிக் கும்பிடும் பத்தினி. நடுவில் வேறு யாரும் கிடையாது. கவர்ச்சிப் பாட்டு கட்டாயம் இருக்கும். இன்றைக்குப் பார்த்தால் இதெல்லாம் உறுத்தும். உறுத்தவும் வேண்டும்.

1990-களின் தொடக்கத்தோடு அவருடைய படங்கள் நின்றுபோயின. 1995-ல் கோடி ராமகிருஷ்ணா இயக்கிய அம்மோரு, கம்ப்யூட்டர் கிராபிக்ஸோடு வந்தது. தமிழில் அம்மன் என்ற பெயரில் இங்கேயும் சக்கைப்போடு போட்டது. இனி மாயத்துக்கு கம்ப்யூட்டர்தான் என்று ஆகிவிட்டது. ஆடி வெள்ளி உட்பட நூற்றுக்கும் அதிகமான படங்களை எடுத்த இராம.நாராயணன், குறைந்த செலவில் சாமி, பாம்பு, யானை என்ற அதே தடத்தில் நீண்ட காலம் நடந்தார். விட்டலாச்சார்யா 1999 மே 28-ல் காலமானார். அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2009-ல் நமீதா நடிப்பில் ஜெகன்மோகினி தமிழில் மறுபடியும் எடுக்கப்பட்டது. கிராபிக்ஸ் வசதி வந்த பிறகும், ஜனங்கள் நினைவில் நின்றது என்னவோ பழைய அடுப்புதான்.

அப்படின்னா அந்தச் சொல் வசையா?

மட்டமான கிராபிக்ஸைச் சொல்ல விட்டலாச்சார்யா பெயரைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அவர் வாழ்க்கை முழுக்க ஒரு ஷாட்டைக்கூட கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர் இல்லை. கையில் இருந்த காசு எவ்வளவு என்று தெரிந்து, அதற்குள் என்ன மாயம் முடியுமோ அதை மட்டும் செய்தார். இன்றைக்குச் சொதப்பும் பல படங்களில் பிரச்சினையே வேற. காசு ஏராளம், யோசனைதான் பஞ்சம்.

அதனால அடுத்த தடவை ஒரு கோடிக்கணக்கான ரூபாய் படம் சொதப்பினா, அதை விட்டலாச்சார்யா படம்னு சொல்லாதீங்க. மூணாவது வரைக்கும் படிச்சு, மணல் தரையில் உட்கார்ந்திருந்த ஜனங்ககிட்ட சினிமா கத்துக்கிட்ட அந்த மனுஷனுக்கு அது நியாயம் இல்ல.